பத்தாவது முடித்த பிள்ளை யார் பொறுப்பு?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும் கார்த்திகை முதல் மிளகு பறித்து ஓயும் மாசி, பங்குனி வரை எந்த வீட்டிலும் கை சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வு, திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, கடைசியில் பொதுத்தேர்வு எல்லாம் அதே மாதங்களில்தான் வருகின்றன. மலையின் ஊர்த்தொகுதிகளை நாடு என்பார்கள்; அவற்றில் ஒன்றான குண்டனி நாட்டில் ஒரு வீட்டில் பத்தாவது படிக்கிற பையன் இருந்தால், ஆண்டுச் செலவுக்கான காசு வருகிற பருவமும் அவன் படிப்பின் கடைசி மூன்று மாதமும் சேர்ந்தே வந்து நிற்கும். ஏணி சாய்த்து மரத்தில் ஏறி மிளகு பறிக்க இளவயது ஆள் வேண்டும். வெளியாளை வைத்தால் கூலி கொடுத்துக் கட்டாது. அதனால் பையன் சில நாள் பள்ளிக்குப் போகமாட்டான். அது சோம்பல் அல்ல, படிப்பின் மேல் வெறுப்பும் அல்ல. அந்தச் சில நாளில் விட்டுப்போன பாடத்தை யாராவது திரும்பச் சொல்லிக் கொடுத்தால் அவன் தேறிவிடுவான். யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால் அடுத்த முறை அவனே வர யோசிப்பான்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான வழிகாட்டல், கற்றல் ஆதரவு என்று அரசுக் கோப்புகளில் எழுதப்படுவதை மலையில் வைத்துப் பார்த்தால் மூன்று கேள்விகளாகச் சுருங்கிவிடும். தவறிய பாடத்தை யார் சொல்லிக் கொடுப்பது? பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் பிறகு என்ன படிக்கலாம் என்று யார் சொல்வது? சொன்ன இடத்தில் பிள்ளை போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தபின் நிலைத்ததா என்று யார் பார்ப்பது? முதல் இரண்டுக்கும் தமிழ்நாட்டில் திட்டங்கள் இருக்கின்றன, சில நல்ல திட்டங்கள். மூன்றாவதற்குப் பொறுப்பான ஆள் என்று எவரும் இல்லை. மலைப் பிள்ளைகள் பெரும்பாலும் நழுவிப் போவது அந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

இந்த யோசனை இந்தியாவுக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருபத்தேழு ஆண்டுகள் இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் வேண்டும், மாணவரின் நாட்டமறிந்து பாடமும் தொழிலும் தேர்ந்தெடுக்க உதவ வேண்டும் என்று எழுதியது. 1954இல் மத்திய அரசு கல்வி, தொழில் வழிகாட்டலுக்கென்று தனி நிறுவனமே தொடங்கியது. 1964–66இல் கோத்தாரிக் குழு, வழிகாட்டல் என்பது கல்வியின் ஒட்டுறுப்பு அல்ல, அதன் பகுதியே என்று சொன்னது. இப்படி நம் பெரியவர்கள் எழுதி வைத்து எழுபது ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் கேட்ட முழுநேர வழிகாட்டி இன்றும் நம் அரசுப் பள்ளிகளில் இல்லை. அந்த வேலை ஏதோ ஓர் ஆசிரியரின் தலையில் கூடுதல் பொறுப்பாக விழுகிறது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் என்று அளவு வைத்திருக்கிறது. நாம் 2013 வாக்கில் பத்து வாகனங்களில் உளவியலாளர்களை ஏற்றி மாநிலம் முழுவதற்கும் அனுப்பினோம். வண்டி ஒரு பள்ளிக்கு வந்து போனால் மறுபடி எப்போது வரும் என்று அந்தப் பள்ளிக்குத் தெரியாது.

கடந்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் 14417 என்ற கல்வி உதவி எண் வந்தது. 2022 மார்ச் 1 அன்று நான் முதல்வன் திட்டம் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு முதலே உயர்கல்வி வழிகாட்டலுக்கு வகுப்பு நேரம் ஒதுக்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்கள் குறிக்கப்பட்டார்கள். கல்லூரிக் கனவு என்ற வழிகாட்டல் நிகழ்ச்சிகள் மாவட்டந்தோறும் நடந்தன. பன்னிரண்டாவது முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளை எமிஸ் என்னும் மாணவர் பதிவேட்டிலிருந்து பெயர் பெயராக எடுத்துக் கூப்பிட்டு, முகாமிலேயே கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுக்கிற 'உயர்வுக்குப் படி' என்ற பணியும் நடக்கிறது. இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் மதிப்பு இந்தக் கடைசிப் பணியின் மேல்தான். 'நீ ஏன் சேரவில்லை?' என்று ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கேட்கிற அரசுத் திட்டம் அது.

ஆனால் முகாம் நடப்பது கீழே, நகரத்தில். குண்டனி நாட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளையும் அவள் அம்மாவும் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் முதலில் தகவல் கிடைக்க வேண்டும். பள்ளியில் கொடுத்த கைப்பேசி எண் அண்ணனுடையதாக இருக்கும். அண்ணன் கேரளத்தில் தோட்ட வேலையில் இருப்பான். செல்போன் கோபுரம் எட்டாத ஊர்கள் மலையில் இன்னமும் உண்டு. தகவல் கிடைத்தாலும் ஒரு நாள் கூலி போகும். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் மட்டும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மாலை வண்டியைத் தவறவிட்டால் தாயும் மகளும் பேருந்து நிலையத்தில்தான் இரவைக் கழிக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் கோப்பைக் கையில் எடுக்காமல், 'முகாமுக்கு வரவில்லை' என்று மட்டும் ஒரு கட்டத்தில் குறித்துவிட்டால் இவை எதுவும் தெரியாமல் போய்விடும்.

கோப்பு என்றேனே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். வழிகாட்டல் என்றதும் நகரத்தில் நினைவுக்கு வருவது நாட்டம் அறியும் தேர்வும் ஆலோசகரின் அறையும். மலையில் வழிகாட்டலின் முக்கால் பங்கு காகிதம். பத்தாவது முடித்த பிள்ளையின் பிளாஸ்டிக் உறையில் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் இருக்கும். சாதிச் சான்று வேண்டும். வருமானச் சான்று வேண்டும். கல்லூரிக்குப் போகும்போது முதல் பட்டதாரிச் சான்று வேண்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பள்ளிச் சான்றில் முதலெழுத்து மட்டும் இருக்கும். பிறந்த தேதி ஒன்றில் ஜூன் என்றும் இன்னொன்றில் பிப்ரவரி என்றும் இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் உத்தேசமாக எழுதிய தேதி அது. உதவித்தொகைக்காக ஐந்தாம் வகுப்பில் தொடங்கிய வங்கிக் கணக்கு பணம் போட்டு எடுக்காமல் முடங்கியிருக்கும், அல்லது ஆதாரோடு இணைந்திருக்காது. இவற்றில் ஒன்று ஒட்டவில்லை என்றாலும் இணையவழி விண்ணப்பம் நின்றுவிடும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர், "இதைச் சரி பண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். எங்கே போய்ச் சரி பண்ணுவது என்று சொல்ல அவருக்கும் நேரம் இருக்காது.

சாதிச் சான்றின் கதை தனி. கொல்லிமலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பேசுவது தமிழ். மற்ற சாதிகளுக்கு வட்டாட்சியர் அளவிலேயே சான்று முடிந்துவிடும். பழங்குடியினர் சான்று மட்டும் 1989 நவம்பர் முதல் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாக ஏறிக் கடைசியில் நாமக்கல் மேசைக்குப் போக வேண்டும். போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த ஏற்பாடு அது, அதன் நியாயம் புரிகிறது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகள் வேறு மாவட்டத்தில் இருப்பதால் பழங்குடியினர் பட்டியலிலேயே இல்லாமல் பல்லாண்டுகளாகப் போராடுகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால் கொல்லிமலைக்காரர் நிலை மேல். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அதே நாட்டில், அதே ஊரில் வாழும் குடும்பத்துப் பிள்ளை, சேர்க்கையின் கடைசி நாள் நெருங்கும்போது சான்றுக்கு அலைய வேண்டியிருப்பது தவிர்க்கக் கூடியது. ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக்கு முகாம் வந்து எல்லோருக்கும் சான்று கொடுத்து முடித்துவிடலாம். சில இடங்களில், சில ஆட்சியர்கள் காலத்தில் அப்படி நடந்தும் இருக்கிறது. ஆட்சியர் மாறினால் முகாமும் நின்றுபோகக் கூடாது, அவ்வளவுதான் வேண்டுவது.

இவ்வளவு தடைகளையும் தாண்டிப் போனால் கிடைப்பது சிறிதல்ல. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒரு விழுக்காடு தனி ஒதுக்கீடு 1990 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு 2020லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலியவற்றில் 2021லும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேரும் அரசுப் பள்ளிப் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அப்படியிருந்தும் பொறியியல் சேர்க்கையில் பழங்குடியினர் இடங்கள் முழுதாக நிரம்புவதில்லை. மலை அடிவாரத்து நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. மலையிலிருந்து பார்த்தால் அவை இரண்டு மணி நேரத் தூரம். படிக்கிற பிள்ளையின் மனத்தில் எவ்வளவு தூரம் என்பதைத்தான் வழிகாட்டல் குறைக்க வேண்டும்.

அதற்கு முன்பே பிடிக்க வேண்டிய படிகளும் உண்டு. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வு. மனத்திறன் தாளும் படிப்பறிவுத் தாளும் தலா தொண்ணூறு கேள்வி. தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு ஐம்பது மாணவர், ஐம்பது மாணவியர். பத்தாவதை ஒட்டி முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. அதில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், பட்டப்படிப்பு முடியும் வரை. தமிழ்நாட்டில் சில நடுநிலைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் கொத்தாக என்எம்எம்எஸ் தேறுகிறார்கள். விசாரித்தால் அங்கே ஓர் ஆசிரியர் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருப்பார். அவர் மாறுதலில் போனால் அடுத்த ஆண்டு ஒருவரும் தேறுவதில்லை. ஒரு தனி மனிதரின் நல்ல மனத்தை நம்பி இத்தனை பெரிய உதவித்தொகையை வைத்திருக்கிறோம்.

இனி கற்றல் ஆதரவு. இதை நான் வழிகாட்டலிலிருந்து பிரிக்க மாட்டேன். கணக்கில் பின்தங்கிய பிள்ளையிடம் பொறியியல் பற்றிப் பேசுவது அவனை வருத்தத்தான் செய்யும். கற்றல் நிலையை ஆய்வு செய்யும் ஏசர் அமைப்பு 2023இல் 14 முதல் 18 வயதுள்ளவர்களை நாட்டின் 28 மாவட்டங்களில் ஆய்வு செய்தது, தமிழ்நாட்டில் பெரம்பலூரில். மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் மொத்தத்தில் 43.3 விழுக்காடுதான். கால்வாசிப் பேரால் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பத்தியைத் தடையின்றி வாசிக்க முடியவில்லை. இது இந்தியா முழுமைக்குமான நிலை. மலைக்கு மட்டும் உரிய குறையாக இதைப் பேசுவது அநியாயம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் ஓர் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தச் சொல்லிப் பாருங்கள். எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஐந்து எக்ஸ் கூட்டல் ஆறு. பெருக்கினால் ஆறு, கூட்டினால் ஐந்து வரும் இரண்டு எண்கள் எவை என்பதுதான் கேள்வி. வாய்பாடு கைவசம் இருந்தால் இரண்டும் மூன்றும் என்று உடனே வரும். இல்லாத பிள்ளை கரும்பலகையைப் பார்த்தே எழுதும், விடையும் சரியாக இருக்கும், நோட்டில் சிவப்பு மையில் சரி விழும். அடுத்த கணக்கில் ஆறுக்குப் பதில் பன்னிரண்டும் ஐந்துக்குப் பதில் ஏழும் வந்தால் நின்றுவிடும். ஆசிரியர் மறுபடியும் காரணிப்படுத்தலையே விளக்குவார். சிக்கல் நான்காம் வகுப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் அது நடக்காது. இந்தப் பார்வைதான் கற்றல் ஆதரவின் உயிர். மாதிரி வினாத்தாள் கட்டுகளால் அது வராது.

அரசு இதை உணராமல் இல்லை. கொரோனா விடுமுறை விட்ட இடைவெளியை அடைக்க 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது, மாலையில் தன்னார்வலர்கள் ஊரிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் கீழ் வகுப்புகளுக்கு வந்தது. 2025இல் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களைச் சோதித்துப் பிரித்துத் தனி நேரம் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கும் 'திறன்' இயக்கம் தொடங்கியிருக்கிறது. உயர்நிலை வகுப்பிலும் அடிப்படையிலிருந்து தொடங்கலாம் என்று அரசே ஒத்துக்கொண்டது பெரிய காரியம். அதே 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கிவிட்டது.

அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பது நாமக்கல் மாவட்டத்தோடு ஒட்டிய கதை. கொல்லிமலை அடிவாரத்திலிருந்து நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வரை ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பெற்றோர் கடன் வாங்கிப் பிள்ளைகளைச் சேர்த்த தனியார் விடுதிப் பள்ளிகள் நிறைந்திருந்தன. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்து மாநில முதலிடங்களை வாங்கின பல பள்ளிகள். அதைத் தடுக்கத்தான் 2017–18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2017இல் முதலிடப் பட்டியல் அறிவிப்பதும் நின்றது. உருப்போடும் முறையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: இரவு ஒன்பது மணி வரை ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அந்தப் பெற்றோர் பணம் கொடுத்து வாங்கியதை, மலைமேல் உள்ள பிள்ளைக்கு யாரும் இலவசமாகக்கூடத் தரவில்லை.

தர இடம் இருக்கிறது. கொல்லிமலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. செங்கரையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியிலேயே தங்குகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் நகரத்துப் பிள்ளை டியூஷனுக்குப் பேருந்தில் போகும் நேரத்தில் இவர்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாகப் படிப்பு நேரம் உண்டு. ஆனால் பல விடுதிகளில் படிப்பு நேரம் என்றால் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பதுதான். காப்பாளரே ஆசிரியர், அவரே மளிகைக் கணக்கு எழுதுபவர், அவரே காய்ச்சல் வந்த பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகிறவர். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கணக்கும் ஆங்கிலமும் தெரிந்த இருவரை வைத்தால், புதுக் கட்டடமோ கருவியோ இல்லாமல் கற்றல் ஆதரவு தொடங்கிவிடும்.

இங்கே துறைச் சிக்கல் ஒன்று குறுக்கே வருகிறது. உண்டு உறைவிடப் பள்ளிகள் பழங்குடியினர் நலத் துறையிடம். நான் முதல்வன், திறன் போன்றவற்றைத் திட்டமிடுவது மற்றத் துறைகள். ஆசிரியர் பயிற்சி ஒரு பக்கம், ஆசிரியர் நியமனம் ஒரு பக்கம். பணியிடம் காலியானால் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் வருவார். எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது, எதிர்ப்பும் வந்தது. எந்தத் துறை நடத்தினாலும் சரி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் திறன் வகுப்பு கிடைக்கிறதா என்பதுதான் என் அக்கறை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் காலம் இன்னும் குறைவு. பத்தாவது தேர்வு முடிந்து முடிவு வரும் வரையுள்ள வாரங்கள் மலையில் கல்யாணப் பேச்சு நடக்கும் வாரங்களும்கூட. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள். மலைப் பகுதிகளில் இது கூடுதல் என்பது அங்கே வேலை செய்யும் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் தெரியும். சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, கல்யாணத்தைத் தடுத்து நிறுத்தவும் செய்கிறார்கள். நிறுத்திய மறுநாள் அந்தப் பெண் எங்கே போவாள் என்பதற்கு யாரிடமும் விடை இல்லை என்றால் ஆறு மாதம் கழித்து அதே கல்யாணம் வேறு ஊரில் நடக்கும். பதினோராம் வகுப்பு இடமும் விடுதி இடமும் முடிவு வருவதற்கு முன்பே உறுதியாகியிருந்தால் வீட்டில் பேச்சின் போக்கே மாறும். புதுமைப் பெண் பணம் கல்லூரி வாசலில் காத்திருக்கிறது. அந்த வாசலுக்கு முன்னுள்ள இரண்டு ஆண்டுகளைத்தான் பெண்பிள்ளை தாண்ட வேண்டியிருக்கிறது.

முன்னுதாரணங்கள் தேடி வெகு தூரம் போக வேண்டாம். வயநாட்டில் கேரள அரசு 2017இல் கோத்ரபந்து என்ற திட்டத்தில், ஆசிரியப் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்கள் 241 பேரைத் தொடக்கப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக நியமித்தது. பிள்ளையின் மொழியும் வீடும் தெரிந்தவர் வகுப்பில் இருப்பதற்காக. குடியிருப்புகளிலேயே சமூகப் படிப்பு அறைகள் அமைத்து அதே குடியிருப்பின் படித்த ஒருவரைப் பொறுப்பில் வைத்ததும் அங்கேதான். நம் பக்கத்தில், அதே மலையாளி மக்கள் வாழும் தர்மபுரி மாவட்டச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், 2004 முதல் துளிர் என்ற கற்றல் மையம் இயங்கி வருகிறது. அனுராதா, கிருஷ்ணா என்ற கட்டடக்கலை இணையர் தொடங்கியது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் கற்றல் உதவி, பள்ளியில் தவறியவர்களுக்கு மின்வேலை, கட்டட வேலை, கைத்தொழில் என்று அடிப்படைத் தொழில்நுட்பப் பயிற்சி. பத்தாவதில் தோற்றவன் படிப்புக்கே லாயக்கில்லை என்ற எண்ணத்தை அங்கே கையால் வேலை செய்தே மாற்றினார்கள். 1993 முதல் அதே பள்ளத்தாக்கில் இயங்கும் பழங்குடியினர் நல மருத்துவ முயற்சியும் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கியது.

வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு ஏற்பாட்டை மட்டும் எடுத்துச் சொல்வேன். பின்லாந்தில் ஏழு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளில் வழிகாட்டல் ஒரு பாடம், 76 மணி நேரம். அதைவிட முக்கியம், 2021 ஆகஸ்டில் கட்டாயக் கல்வி வயதைப் பதினெட்டாக உயர்த்தியபோது, ஒன்பதாம் வகுப்பு முடித்த மாணவர் அடுத்த இடத்துக்கு விண்ணப்பிப்பதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் சட்டத்தில் எழுதினார்கள். பிள்ளை அடுத்த படியில் கால் வைக்கும் வரை முந்தைய பள்ளி கையை விடக்கூடாது. நம் மாற்றுச் சான்றிதழ் முறையில் சான்றைக் கொடுத்த நொடியில் பள்ளியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது.

கொல்லிமலைக்கு ஏற்றபடி இதைச் செய்யலாம். இரண்டு நாட்டுக்கு ஒரு வழிகாட்டி என்று பதினான்கு நாடுகளுக்கும் ஏழு பேர். குண்டனி நாட்டுக்கும் அதன் பக்கத்து நாட்டுக்கும் சேர்த்து ஒருவர். எட்டு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அவர் நோட்டில் இருக்க வேண்டும். ஒன்பதாவதிலேயே சான்றுகளைச் சரிசெய்வது, பறிப்புக் காலத்தில் விடுப்பெடுத்த பிள்ளைக்குத் தவறிய பாடத்தை மாலையில் ஏற்பாடு செய்வது, ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடமும் பெற்றோரிடமும் பேசுவது, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சேர்க்கைக்குக் கூடவே இறங்கிப் போவது இவையே அவர் வேலை. விடுதியில் விட்டுவிட்டு வந்தால் வேலை முடியாது. மூன்று மாதம் கழித்து அங்கே வருகைப் பதிவைப் பார்த்தால்தான் அந்தப் பெயருக்கு நேரே குறி போடலாம். முதல் தீபாவளிக்கு ஊருக்கு வந்த பிள்ளைகளில் திரும்பிப் போகாதவர் பலர். அந்த வாரம் வழிகாட்டி ஊரில் இருக்க வேண்டும்.

வழி சொல்லும்போது எல்லாரையும் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தள்ள வேண்டியதில்லை. கொல்லிமலையிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. மிளகும் காப்பியும் சாமையும் விளையும் மண்ணில் தோட்டக்கலைப் படிப்புக்கு அர்த்தம் இருக்கிறது. நாமக்கல்லின் லாரிக் கூடு கட்டும் பட்டறைகளுக்கும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு வண்டிகளுக்கும் கூலியாகப் போகிறவன், சான்றிதழோடு போனால் அதே இடத்தில் வேறு சம்பளம் வாங்குவான். அதே நேரம், மேலே ஏறக்கூடிய பிள்ளைக்குக் கூரையைத் தாழ்த்திவிடவும் கூடாது. 2024இல் பச்சமலையின் அரசு பழங்குடியினர் பள்ளி மாணவி ஒருவர் ஜேஇஇ எழுதித் திருச்சி என்ஐடியில் சேர்ந்தார். ஜவ்வாது மலைப் பக்கத்து மலையாளிப் பெண் ஒருவர் அதே ஆண்டு சிவில் நீதிபதித் தேர்வில் வென்றார். இந்தச் செய்திகளைக் குண்டனி நாட்டுப் பிள்ளைகள் செய்தித்தாளில் படிப்பதோடு நிற்காமல், அவர்களை நேரில் பார்த்து, எப்படிப் படித்தீர்கள், விடுதியில் யாரும் கேலி செய்தார்களா, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

பணம்? ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் என்று வைத்தாலும் ஏழு பேருக்கு ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம். ஒரு வகுப்பறைக் கட்டடத்துக்கு ஆகும் தொகை. எந்தத் துறையின் ஊழியர் என்ற தகராறு வராமல் இருக்க மாவட்ட ஆட்சியரின் கீழ் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கும் பஞ்சமில்லை. மலையிலிருந்து இறங்கிப் படித்து, பட்டமும் பி.எட்டும் முடித்துவிட்டு, ஆசிரியர் தேர்வு அறிவிப்புக்குக் காத்துக்கொண்டு வீட்டில் மிளகு காயவைத்துக்கொண்டிருக்கும் பெண்களும் ஆண்களும் இன்று ஒவ்வொரு நாட்டிலும் இருக்கிறார்கள். அந்த எழுபது வளைவுகளைத் தனியாக ஏறி இறங்கிச் சான்று வாங்கியவர்கள் அவர்கள். எந்த மேசையில் எந்தக் காகிதம் நின்றுபோகும், கல்லூரி விடுதியின் முதல் மாதம் எப்படியிருக்கும், எந்த வாரம் அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பத் தோன்றும் என்று அவர்களுக்குத் தெரியும். முதல் ஏழு பேரை அவர்களிலிருந்தே எடுக்க வேண்டும், அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.